ஸ்விஃப்டா, ஃபிகோவா?



ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் வாங்க விரும்பியவருக்கு வாய்த்த தேர்வு மிகச் சிறிது. வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர் ஒன்று. பம்பாய் குர்லாவில் செய்யப்பட்ட ஃபியட் ஒன்று. சென்னையை அடுத்த வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று. இவற்றுள் ஹெரால்டை நாடியவர் சிலரே. ஆகவே மயிலாப்பூர்த் திண்ணைகளிலும் தியாகராய நகர் மாடி முகப்புகளிலும் எழுந்த வழக்கு பெரும்பாலும் 'அம்பாசிடரா, ஃபியட்டா?' என்பதாகவே இருந்தது. குடும்பம் பெரிதாயின் அம்பாசிடரே தகும் என்பார் ஒருவர். கைக்கு அடங்கிய வண்டி, பெட்ரோலும் குறைவு என்று ஃபியட்டைப் புகழ்வார் மற்றவர். பணம் கட்டிப் பதிவு செய்தவருக்கு வண்டி கைக்கு வர ஆண்டுகள் பல ஆகும். ஆதலால் வழக்காடுவதற்கு நேரமும் நிறையவே இருந்தது.

அவ்வழக்கு வேறு பெயர்களோடு இன்றும் நடைபெற்றுக்கொண்டுதான் இருக்கிறது. மந்தைவெளியில் வாழும் ஒரு குடும்பத்தார் அண்மையில் அதை என்னிடம் கொணர்ந்தனர். தந்தை, அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். மகன் சிறுசேரியில் கணிப்பொறி நிறுவனமொன்றில் பணியாற்றுகிறான். தந்தைக்குக் கிடைத்த பணிக்கொடையில் ஒரு பகுதியை ஒதுக்கி, பழைய டீசல் கார் ஒன்று வாங்குவதென முடிவு செய்துவிட்டனர். மாருதி ஸ்விஃப்ட் என்கிறார் தந்தை. ஃபோர்டு ஃபிகோ என்கிறான் மகன். இருவருக்கும் இடையே ஒரு மாதமாகப் பேச்சு சுருங்கிவிட்டதைக் கண்ட தாயார், "ஃபாதர், நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்" என்றார்.

வாங்கிய வண்டியை மந்திரிப்பதற்காகக் கோவிலுக்குக் கொண்டுவருவதே நம் மக்களின் வழக்கம். வாங்குமுன் கேட்போர் அரியர். நான் மெக்கானிக் அல்லேன். எனினும் பங்குப் பணியின் பொருட்டுப் பல வகை வண்டிகளை ஓட்டிய பழக்கமும், பட்டறைகளில் காத்திருந்து பெற்ற கேள்வியறிவும் உண்டு. அவ்வளவில் சிலவற்றை இங்கு எழுதுகிறேன். இதே வினாவோடு வேறு குடும்பங்களும் இருக்கக்கூடும் அன்றோ?

முதலில், 'பழைய வண்டி' என்று ஏன் சொல்ல வேண்டும்? இவ்விரண்டில் எதையும் இன்று கடையிற் சென்று புதிதாக வாங்க இயலாது. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் கடுமையான புகை விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளுக்கேற்பச் சிறு டீசல் எஞ்சினைத் திருத்துவதற்கு ஆகும் செலவு மிகுதி எனக் கருதி, மாருதி நிறுவனம் டீசல் கார்களையே கைவிட்டது. ஃபோர்டு தன் ஃபிகோ டீசலைப் புது விதிகளுக்கேற்பத் திருத்தி விற்றது. ஆனால் 2021 செப்டம்பரில் இந்தியாவில் வண்டி செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தது. ஹூண்டாயின் ஐ20 டீசலும் 2023-இல் நின்றுபோயிற்று. அதன்பின் இத்தகைய வண்டிகளில், அதாவது பின்புறம் துருத்தாமல் பின்கதவு முழுதும் மேல்நோக்கித் திறக்கும் ஹாட்ச்பேக் வண்டிகளில், டீசலில் ஓடும் புது வண்டியாக எஞ்சியது டாட்டாவின் ஆல்ட்ராஸ் ஒன்றே.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. பெட்ரோல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை அரசு 2010-இல் நீக்கியது; டீசலுக்கோ 2014 அக்டோபர் வரை அது நீடித்தது. இடைப்பட்ட காலத்தில், 2012-ஐ ஒட்டி, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தது. நடுத்தரக் குடும்பங்கள் டீசல் காருக்கு ஓடியதில் வியப்பில்லை. இன்று சென்னையில் அவ்வேறுபாடு பத்து ரூபாய்க்கும் குறைவே. மேலும் டீசல் எஞ்சின் ஒரு லிட்டரில் அதிக தூரம் செல்லும் என்பது உண்மையாயினும், அந்த ஆதாயம் கைக்கு வர வண்டி ஓட வேண்டும். வீட்டு வாசலில் நின்றால் வராது.

இந்தக் கணக்கை அக்குடும்பத்தாரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். மகன் நிறுவனத்துப் பேருந்திலேயே போய்வந்தால் கார் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடும் என வைத்துக்கொள்வோம். மந்தைவெளியிலிருந்து பாண்டி பஜார், லஸ், அடையாற்று மருத்துவமனை, ஞாயிறு திருப்பலி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வேளாங்கண்ணி, இவ்வளவே. நகருக்குள் டீசல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டரும் பெட்ரோல் வண்டி 13 கிலோமீட்டரும் கொடுக்கும் எனக் கொண்டால், டீசலுக்கு ஆண்டில் ஏறத்தாழ 20,500 ரூபாயும் பெட்ரோலுக்கு 31,000 ரூபாயும் ஆகும். மிச்சம் பத்தாயிரத்துச் சொச்சம். டீசல் வண்டியின் இன்ஜெக்டர்களோ டர்போவோ ஒருமுறை பழுதுபட்டால், பல ஆண்டு மிச்சத்தை அது ஒரே நாளில் விழுங்கிவிடும். மகனே நாள்தோறும் பழைய மாமல்லபுரச் சாலை வழியாகச் சிறுசேரிக்கு ஓட்டிச் சென்றுவருவதாயின் நிலை மாறுகிறது. போக வர 50 கிலோமீட்டருக்கும் மேல். ஆண்டுக்கு 13,000, 14,000 கிலோமீட்டர் எளிதில் ஓடிவிடும். அப்போது டீசல் பொருத்தமே.

ஆகவே ஸ்விஃப்டா ஃபிகோவா என்னும் வினாவுக்கு முன்னால், 'வண்டி எவருடைய நாட்களுக்காக?' என்னும் வினா நிற்கிறது. தந்தையின் நாட்களுக்காக எனில் நல்லதொரு பெட்ரோல் வண்டியே போதும் என்று சொன்னேன். இருவருக்கும் அது உவப்பாயில்லை. மகன்தான் ஓட்டப் போகிறான் என்று முடிவாயிற்று. இனி வழக்குக்கு வருவோம்.

ஸ்விஃப்ட் டீசல் நம் நாட்டில் 2007 தொடக்கத்தில் வெளிவந்தது. 2011-இலும் 2018-இலும் உருமாறிற்று. உருவம் மாறினாலும் உள்ளிருந்த எஞ்சின் மாறவில்லை. 1,248 கன சென்டிமீட்டர் கொண்ட அந்த எஞ்சின், மல்டிஜெட் என்னும் பெயரில் இத்தாலிய ஃபியட் நிறுவனம் உருவாக்கியது. 2005-இல் தன் அளவிலுள்ள எஞ்சின்களுள் சிறந்ததென உலக விருதும் பெற்றது. சுசுகி அதை உரிமம் பெற்று ஹரியானாவில் செய்தது. டாட்டாவும் அதையே தன் வண்டிகளில் பொருத்தியது. அக்காலத்தில் சிறு டீசல் கார் வாங்கியவர்களுள் பெரும்பாலோர், முகப்பில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், உண்மையில் வாங்கியது இந்த ஒரே எஞ்சினைத்தான். அன்று ஃபியட் கட்சியில் நின்ற தாத்தாக்கள் இதைக் கேட்டால் மகிழ்வர்.

ஃபிகோ 2010-இல் வந்தது. நம் மறைமலை நகரில் பிறந்த வண்டி என்பதால் சென்னைக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறைமலை நகரில் செய்யப்பட்டது முதல் ஃபிகோ; அதில் 69 குதிரைத் திறன் கொண்ட 1.4 லிட்டர் டீசல் எஞ்சின். 2015-இல் வந்த இரண்டாம் ஃபிகோ குஜராத்தின் சானந்தில் செய்யப்பட்டது, அதில் 1.5 லிட்டர் எஞ்சின், 100 குதிரைத் திறன். முதல் ஃபிகோக்கள் பலவும் இப்போது முதுமை எய்திவிட்டன. பதிவுக்குரிய 15 ஆண்டு முடியும் தறுவாயிலோ முடிந்தோ உள்ளவை அவை. மகன் விரும்புவது இரண்டாம் ஃபிகோ. ஆகவே 2015-க்குப் பிந்திய ஃபிகோவையும் அதே வயதுள்ள ஸ்விஃப்டையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பதே நியாயம்.

ஓட்டத் திறனில் வழக்குக்கே இடமில்லை. ஸ்விஃப்டின் 75 குதிரைத் திறனுக்கு எதிரே ஃபிகோவுக்கு 100. இழுவை விசையிலும் ஸ்விஃப்டுக்கு 190 நியூட்டன் மீட்டர், ஃபிகோவுக்கு 215. இவை வெறும் எண்கள் அல்ல. புதுச்சேரி கடந்து சிதம்பரம், நாகை வழியாக வேளாங்கண்ணி செல்வோர் இதனை உணர்வர். நான்கு வழியாக அகலப்படுத்தும் பணி பல ஆண்டுகளாக நடந்துவரும் அச்சாலையில், இன்னும் இருவழியாயிருக்கும் இடத்தில் கரும்பு லாரி ஒன்றைத் தாண்ட வேண்டுமாயின், எதிர்ப்புறத் தடத்தில் நீங்கள் எத்தனை விநாடி இருக்கிறீர்கள் என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தூரம். அந்த விநாடிகளை ஃபிகோ குறைத்துத் தரும். மகன் இதைச் சொன்னபோது தந்தை அதனை இளைஞரின் வேக ஆசை எனக் கருதினார். அது அவ்வளவு மட்டுமன்று.

நகருக்குள்ளும் ஓர் வேறுபாடு உண்டு. இத்தகைய எஞ்சின்களில் டர்போ என்னும் காற்றாடி, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, மிகுதியான காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகையின் விசை போதாது, காற்றாடியும் உறங்கும். ஸ்விஃப்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றை எட்டும் வரை இவ்வுறக்கம் தெரியும். அதன்பின் வண்டி திடீரெனப் பாயும். உஸ்மான் சாலையில் ஊர்ந்து செல்லும்போது இரண்டாம் கியரில் மிதித்தால் நகராது. முதல் கியருக்கு இறக்கினால் துள்ளும். பழகிய கால் இதைச் சமாளிக்கும். அறுபது கடந்த தந்தையின் முழங்கால் என்ன சொல்லும் என்பது வேறு. ஃபிகோவின் பெரிய எஞ்சினுக்கு இத்தொல்லை சற்றே குறைவு.

கையாளும் தன்மை பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை; அது ஓரளவு சுவையைப் பொறுத்தது. ஸ்விஃப்டின் அடித்தாங்கிகள் சற்று இறுக்கமானவை. வளைவில் வண்டி சாயாது. குழியில் முதுகு அறியும். 2018-இல் வந்த ஸ்விஃப்ட் எடை குறைந்தது. திருப்புவதற்கு மிக இலேசானது. காந்தி நகரின் குறுக்குத் தெருக்களிலும் மயிலாப்பூரின் மாட வீதிகளிலும் அதைப் போல் எளிதாக நுழைந்து வெளிவரும் வண்டி குறைவு. இரண்டாம் ஃபிகோவோ தொடக்கத்தில் மென்மையாக அமைக்கப்பட்டது. மேடு பள்ளங்களை நன்றாக விழுங்கும்; வேகமான வளைவில் உடல் சற்றுச் சாயும். முதல் ஃபிகோவின் ஸ்டியரிங்கைப் போற்றியவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருந்தது. ஃபோர்டு பின்னர் இதைத் திருத்தி இறுக்கியது. ஆகவே 'ஃபோர்டு என்றால் சாலையைப் பற்றிக்கொள்ளும்' என்னும் பழைய புகழை நம்பி வாங்கற்க. எந்த ஆண்டு வண்டியோ அதை ஓட்டிப் பார்த்தே சொல்ல வேண்டும். மெட்ரோ ரயில் பணிக்காக லஸ்ஸையும் அடையாற்றையும் தோண்டிப் போட்ட ஆண்டுகளில் இந்நகரில் கார் ஓட்டியவர்களுக்கு, வளைவில் சாயாமையைக் காட்டிலும் குழியில் குலுங்காமையே பெரிதாகத் தோன்றியிருக்கும்.

டிக்கியில் இடமும் பார்க்க வேண்டியதே. 2018-க்கு முந்திய ஸ்விஃப்டின் டிக்கி 204 லிட்டர், பிந்தியது 268, ஃபிகோ 257. சக்கர நாற்காலி ஒன்றை மடித்து வைக்க வேண்டிய வீட்டாருக்கு முந்திய ஸ்விஃப்ட் உதவாது.

பாதுகாப்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். 2014-இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்டை மோதிப் பார்த்தபோது அதற்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. முதல் ஃபிகோவுக்கும் அதே கதி. இரண்டு ஏர்பேக் கொண்ட 2018 ஸ்விஃப்ட் 2 நட்சத்திரம் பெற்றது. இரண்டாம் ஃபிகோவின் உடன்பிறப்பாகிய ஆஸ்பயர் 3 பெற்றது. எனவே எந்த வண்டியாயினும் ஏர்பேக்கும், சக்கரம் இறுகி வழுக்காமற் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் உள்ள வகையையே தேடுக. 2019-க்கு முன் இவை எல்லா வண்டியிலும் கட்டாயமில்லை. விலை குறைந்த வகைகளில் விடுபட்டிருக்கும்.

இனி நம்பகம். தந்தையின் கட்சி முழுதும் இதன்மேல்தான் நிற்கிறது. மாருதி கெடாது, ஃபோர்டு கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம். எஞ்சின்களை மட்டும் நோக்கினால் அவ்வாறு சொல்ல முடியாது. இரண்டுமே இலட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கக்கூடியவை. ஸ்விஃப்டின் எஞ்சினில் வால்வுகளை இயக்குவது சங்கிலி. ஃபிகோவில் டைமிங் பெல்ட் என்னும் பட்டை. பட்டையைக் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் எஞ்சினின் உட்பகுதிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருஞ்செலவு வைக்கும். சங்கிலிக்கு அத்தகைய கெடு இல்லை. ஆனால் ஆயிலைக் காலத்தில் மாற்றாத வீட்டில் சங்கிலியும் தேய்ந்து ஓசையிடத் தொடங்கும். ஆக, கேள்வி எஞ்சினைப் பற்றியதைவிட அதை வைத்திருந்தவரைப் பற்றியதே.

எனினும் தந்தையின் கட்சியில் வேறொரு நியாயம் இருக்கிறது. அதை அவர் சரியாக எடுத்துரைக்கவில்லை. வண்டி கெடுமா என்பது ஒன்று. கெட்டால் சீர்செய்ய எவர் இருக்கிறார் என்பது மற்றொன்று. ஃபோர்டின் மறைமலை நகர்த் தொழிற்சாலை 2022-இல் உற்பத்தியை நிறுத்திற்று. சேவையும் உதிரிப் பாகங்களும் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது. ஆயினும் புது வண்டி விற்காத இடத்தில் சர்வீஸ் நிலையங்களின் எண்ணிக்கை குறைவது இயல்பு. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக அத்தொழிற்சாலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழ்நாட்டு அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது. அது அங்கு வேலை தேடுவோருக்கு நற்செய்தி; பழைய ஃபிகோவின் பின்விளக்கு உடைந்தவருக்கு அதனால் பயனில்லை.

மாருதிக்கோ தெருவுக்குத் தெரு மெக்கானிக் உண்டு. பழைய பாகம் வேண்டின் புதுப்பேட்டை, புதிது வேண்டின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அங்கே ஸ்விஃப்டுக்கு இல்லாதது எதுவுமில்லை. திண்டிவனத்திலோ கடலூரிலோ வண்டி நின்றாலும், அதன் எஞ்சினைப் பிரித்துக் கோத்த கைகள் அவ்வூரிலும் இருக்கும். ஃபிகோவுக்கு ஆயில், ஃபில்டர், பிரேக் கட்டைகள் எங்கும் கிடைக்கும். கதவு, விளக்கு, மின்னணுப் பெட்டி போன்றவற்றுக்குக் காத்திருக்க நேரலாம். காத்திருக்கும் நாட்களில் மகன் பேருந்தில் போவான். நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய பாட்டியம்மாளுக்கு வேறு ஏற்பாடு தேவை. இதுவே தந்தை சொல்ல நினைத்தது.

இதற்கு ஒரு விலைப்பயன் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனம் போய்விட்டது என்னும் அச்சத்தால் பழைய ஃபிகோக்கள் அதே வயதுள்ள ஸ்விஃப்டைவிட மலிவாகக் கிடைக்கின்றன. மாருதி என்னும் பெயருக்காகவே ஸ்விஃப்டுக்கு மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். இலாபம் எது என்பது, மிச்சமாகும் பணத்தை வங்கியில் வைத்து வண்டியின் பழுதுக்கென்றே காக்கும் ஒழுங்கு அவ்வீட்டில் உண்டா என்பதைப் பொறுத்தது.

இனி, இரு வண்டிகளுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை. டீசல் காரை அன்று வாங்கியவர் யார்? நிறைய ஓடுபவர். குறைவாக ஓடுபவர் பெட்ரோல் வாங்கினார். ஆகவே 2015-இல் வாங்கிய டீசல் ஸ்விஃப்டின் மீட்டர் 45,000 கிலோமீட்டர் எனக் காட்டினால், மகிழ்வதற்கு முன் ஐயுறுங்கள். மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது இக்காலத்தில் சில நிமிட வேலை. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் பளபளக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் பதிவு எண்ணைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரங்களைக் கேளுங்கள். 2017-இல் 80,000 கிலோமீட்டர் எனப் பதிவான வண்டி இன்று 60,000 காட்டுவது உண்டு.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் கார்கள் கூரை வரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் அதே காட்சி. மூழ்கிய வண்டிகள் பல, கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்துவிட்டன. டீசல் எஞ்சினுக்கு நீர் கொடிய பகை. காற்றை மிகவும் அழுத்தி அதன் வெப்பத்தால் எரிபொருளைப் பற்றவைப்பதே அதன் இயக்கம். காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. நீர் புகுந்த எஞ்சினை எவராவது ஸ்டார்ட் செய்துவிட்டால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். சற்றே வளைந்த தண்டோடும் வண்டி சில காலம் ஓடும். கெடும்போது உங்கள் கையில் கெடும்.

இதைக் கண்டறியும் வழிகள் எளியவை. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றின் கறை தங்கியிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைத் திறந்து பாருங்கள். இருக்கைகளைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு, தரைவிரிப்பின் அடியில் வண்டல், மழைக்காலத்து மூடிய அறை போன்ற வாடை, இவற்றுள் ஒன்றிருந்தாலும் விலையைப் பேசாமலே திரும்பிவிடுங்கள். வாசனைத் திரவியம் மிகுதியாகத் தெளித்த வண்டி என்றால் இன்னும் கவனமாக முகருங்கள்.

ஃபிகோவில் 2020-க்குப் பிந்திய வண்டி கிடைத்தால் மற்றொன்று கூர்ந்து நோக்க வேண்டும். புதிய புகை விதிகளின்படி அதில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. வண்டி நீண்ட தூரம் சூடாக ஓடும்போதுதான் அத்துகள் எரிந்து தூய்மையாகும். நாள்தோறும் லஸ்ஸுக்கும் மந்தைவெளிக்குமாகவே ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். சிறுசேரி வரை போகிறவனுக்கு இது பெருந்தொல்லை ஆகாது.

தில்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் வண்டிகளைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லிப் பகுதியில் ஓடலாகாது என 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அதனால் அங்கிருந்து பல வண்டிகள் வெளிமாநிலங்களுக்கு வந்தன. விலையைப் பார்த்து மயங்க வேண்டா. இங்கே மறுபதிவு, சாலை வரி, பழைய வட்டாரத்தின் தடையின்மைச் சான்று என்று அலைந்து முடியும்போது மலிவு மறைந்துவிடும்.

இத்தனையும் கேட்டபின் என் கருத்தைக் கேட்டார்கள். சாலையில் ஃபிகோவே மேல், அதை ஒளிப்பதற்கில்லை. ஆனால் இது அந்த வீட்டின் ஒரே வண்டி. வாங்கும் பணம் மீண்டும் சம்பாதிக்க முடியாத பணம். மகனுக்கு நாளை வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை கிடைத்தால், வண்டியோடு எஞ்சியிருப்பவர் தந்தை. மெக்கானிக்கைத் தேடி அலையும் வயது அவருக்கு இல்லை. ஆகவே 2018-க்குப் பிந்திய ஸ்விஃப்டைத் தேடுங்கள் என்றேன். அதே வேளையில், ஒரே கையில் இருந்து, டைமிங் பெல்ட் உள்ளிட்ட எல்லாச் சர்வீஸும் ரசீதோடு காட்டக்கூடிய ஃபிகோ ஒன்று வந்து, ஸ்விஃப்டாகக் கிடைப்பதோ வரலாறு தெரியாத வண்டியாயின், ஃபிகோவையே எடுங்கள் என்றும் சொன்னேன். மகன் சிரித்தான். அவன் கையில் அப்படியொரு ஃபிகோவின் விவரம் ஏற்கனவே இருந்தது போலும்.

எதை வாங்கினாலும் பெயர் மாற்றத்தில் தாமதம் கூடாது. விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மயிலாப்பூர், மந்தைவெளி வாசிகளுக்கு மந்தைவெளி அலுவலகம். அடையாற்றின் தென்பகுதியினர்க்குத் திருவான்மியூர். இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். வண்டியின் மேல் வங்கிக் கடன் நிலுவை உண்டா என்பது ஆர்.சி. புத்தகத்திலேயே எழுதியிருக்கும், எம்-பரிவாகன் செயலியிலும் பார்க்கலாம். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, வெள்ள நீரால் எஞ்சின் கெட்டால் ஈடு கிடைக்குமா என்று தனியாகக் கேளுங்கள். சாதாரண ஒப்பந்தத்தில் அது பெரும்பாலும் அடங்குவதில்லை, கூடுதலாகச் சிறு தொகை கட்ட வேண்டும்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். எஞ்சின் இரவெல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு செய்தி. பானட்டைத் தொட்டுப் பார்த்த பின் ஸ்டார்ட் செய்யுங்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் சற்று வேகமாகவும், திரு.வி.க. பாலத்தைக் கடந்து அடையாற்றின் வேகத்தடைகளில் மெதுவாகவும் ஓட்டுங்கள். பின் இருக்கையில் பாட்டியம்மாளை அமர்த்திக்கொண்டு போனால், குலுக்கல் எப்படி, ஏறி இறங்க உயரம் சரியா என்பதை அவரே சொல்லிவிடுவார்.